உப்புக் காணுமோ?

முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மின்மானி வாசித்தவன் நான். மானி சில வீட்டில் விறகுக் கட்டுக்குப் பின்னால் இருக்கும், சில வீட்டில் நாய் கட்டிய தூணிலே இருக்கும். வீடு பூட்டிக் கிடந்தால் வேலி ஓட்டைக்குள்ளால் எட்டிப் பார்த்தாவது வாசித்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவேன். 'வாசிக்க முடியவில்லை' என்று என் புத்தகத்தில் ஒரு நாளும் எழுதியது கிடையாது. அப்படி எழுதுகிற ஆட்களைக் கண்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

ஆகவே போன கார்த்திகையில் ஒரு காலை எங்கள் மடிக்கணினி, 'கோப்பை வாசிக்க முடியவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"உனக்கு என்ன, அங்கை நாயோ கட்டியிருக்கு?" என்று அதைக் கேட்டேன்.

பயம் பிறகுதான் வந்தது. அந்தக் கோப்புகளுக்குள் இருந்தது என் மனைவியின் குரல்.

அவள் பெயர் குணலட்சுமி. நான் குணம் என்று கூப்பிடுவேன். வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் படிப்பித்த ரீச்சர். நாலாம் வகுப்பில் அவள் ஒரு சத்தம் போட்டால் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் நிமிர்ந்து இருக்கும் என்று சொல்வார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னர் அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தால் உயிர் தப்பும் என்றார்கள். கொழும்பில் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பிள்ளை எங்களைக் கூப்பிட்டு இருத்தி, "இன்னும் ஒரு மாதம் இருக்கு. அதுக்குள்ளை உங்கடை குரலைப் பதிஞ்சு வையுங்கோ அம்மா" என்றாள்.

வேறு ஆட்கள் என்றால் அந்த ஒரு மாதத்தையும் அழுதே முடித்திருப்பார்கள். குணம் சி.ஆர். கொப்பி என்கிற தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிக் கோடு கீறினாள். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு இலக்கம். சமையல், கோயில், ஆசுப்பத்திரி, ரெலிபோன், வீட்டுக்கு வருகிற ஆட்கள் என்று தலைப்புகள். கடைசித் தலைப்பு ஏச்சு. ஏச்சுக்கு மட்டும் நாலு பக்கம்.

"உவ்வளவு தேவையோ?" என்று கேட்டேன்.

"உங்களைத் தெரிஞ்சுதான் எழுதினனான்" என்றாள்.

யன்னலுக்குத் தலையணை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, வேர்த்து ஒழுக ஒழுக இருந்து பதிந்தோம். பொத்தானை அழுத்தினது நான். அறுநூற்று நாற்பது வசனம். கடைசி நாள் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "'நன்றி' எண்டு ஒண்டும் இல்லையே" என்று ஒரு பிழை கண்டுபிடித்தேன்.

"ஆருக்குச் சொல்ல? எங்கடை வீட்டிலை ஆர் ஆருக்கு நன்றி சொன்னது? அது மேடையிலை சொல்லுறது" என்றாள்.

நியாயம்தான். எங்கள் ஊரில் நன்றி என்பது பரிசளிப்பு விழாவில் கடைசியாக வருகிற உரை. அது வரும் நேரம் பாதிச் சனம் எழும்பிச் செருப்புத் தேடிக்கொண்டிருக்கும். அதனால் நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கனடாவில் இருக்கிற எங்கள் மகன் சிவகரன் ஒப்பரேஷனுக்கு வந்து நின்றபோது, அந்த வசனங்களை எல்லாம் ஒரு கைக்கணினியில் ஏற்றிக் கொடுத்தான். ஊரில் அதை ரப் என்பார்கள். தலைப்பைத் தொட்டால் வசனங்கள் வரும். வசனத்தைத் தொட்டால் குணத்தின் குரல் வரும். ஆசுப்பத்திரியில் கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு கருவியும் காட்டினார்கள். தகரத்தைத் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. குணம் ஒரு தரம் வைத்துப் பார்த்துவிட்டு, 'உது நான் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

உயிர் தப்பியது. மூச்சு இப்போது அவளுக்குக் கழுத்திலுள்ள ஒரு துவாரத்தால் போய் வருகிறது. மூக்குக்கு வேலை இல்லை. அதனால் மணம் போய்விட்டது, மணத்தோடு ருசியும் பாதி போய்விட்டது. குழம்பு கொதிக்கிற மணத்திலேயே உப்புக் கூடவோ குறையவோ என்று சொல்லுகிறவள், இப்போது சட்டிக்கு முன்னால் நின்று தெரியாமல் முழிப்பாள். ஒவ்வொரு மத்தியானமும் எனக்குச் சோறு போட்டுவிட்டு, சமையல் தலைப்பில் நாற்பத்தோராம் இலக்கத்தை அழுத்துவாள்.

"உப்புக் காணுமோ?"

உப்புப் போதுமோ என்றுதான் கேள்வி. நான் "ம்" என்பேன். முப்பத்தொரு வருஷமாக அந்தக் கேள்விக்கு நான் சொல்லி வந்த பதில் அதுதான். அவள் முன்பு வாயால் கேட்டபோதும் "ம்", பிறகு ரப்பால் கேட்டபோதும் "ம்". பேப்பரிலிருந்து கண்ணை எடுத்ததும் இல்லை.

ஐப்பசி முடிகிற நேரம் ரப் தண்ணீருக்குள் போனது. கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது தொட்டிக் கட்டில் அதை வைத்திருந்தாள். நான் சேற்றுக் காலோடு வந்ததைக் கண்டுவிட்டாள். எனக்கு ஏசுவதற்கென்று ஈரக்கையால் அழுத்தின அழுத்தில் அது வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது. ஏச்சும் பாதியில் நின்றது. அந்த நேரம் எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அசல் பதிவுகள் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. "அப்பா, ஒரு இடத்திலை மட்டும் வைச்சாக் காணாது, இன்னொரு நகல் எடுங்கோ" என்று சிவகரன் வாய் ஓயாமல் சொன்னவன். "இரும்பு அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டியிருக்கு, கள்ளனாலேயே எடுக்கேலாது" என்று நான் சொன்னேன். போதாததற்கு, இடம் காணாது என்று மடிக்கணினியில் கிடந்ததை அழித்தவனும் நானே. யானை தன் தலையில் தானே மண் போடுமாம். என்னிடம் தும்பிக்கை ஒன்றுதான் குறை.

புது ரப் வாங்கினோம். டிஸ்க்கை எடுத்து மடிக்கணினியில் கொளுவினேன். 'டிங்' என்று ஒரு சத்தம் வந்து இலக்கங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றைத் திறந்தேன். வாசிக்க முடியவில்லை. இன்னொன்று, அதுவும் முடியவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக நகல் எடுக்கப் பார்த்தேன், பதினோரு சதவீதத்தில் நின்றுவிட்டது. பிறகு 'டொங்' என்று ஒரு சத்தம். பெட்டியே காணாமல் போய்விட்டது. கழற்றிக் கொளுவினால் டிங். கொஞ்சம் பொறுத்து டொங். வயரை நெரித்துப் பிடித்தேன், பெட்டியைத் தட்டினேன், மெல்லத் திட்டியும் பார்த்தேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு றஜிந்தன் வந்தான். கணினி தெரிந்தவன் என்று எங்கள் தெருவில் பெயர். அவன் கொளுவினவுடன் திரையில் புதிதாக ஒரு கேள்வி வந்தது. இந்த டிஸ்க்கைப் பாவிப்பதற்கு முன் போமற் செய்யவேண்டும், செய்யவா என்று கேட்டது.

"ஓம் எண்டு குடுங்கோ அண்ணை, எல்லாம் சரியா வரும்" என்றான் றஜிந்தன்.

என் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. அந்த விரலில்தான் குணத்தின் அடிமட்டக் கோல் விழுந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு அடிக்கிற அதே அடி. குணம் கொப்பியை இழுத்து எழுதினாள்: 'உள்ளதெல்லாத்தையும் அழிச்சுப்போட்டு வெறுங்கொப்பி தரட்டோ எண்டு கேக்குது.'

றஜிந்தன் அதை வாசித்தான். "ஓம், அதுவும் சரிதான்" என்றான். அவனுக்கு உடனே எங்கேயோ போக அலுவல் வந்துவிட்டது.

பிறகு மழை பிடித்தது. றோட்டெல்லாம் வெள்ளம், பஸ் இல்லை. பத்து நாள் வீட்டுக்குள் இருந்தோம். அந்தப் பத்து நாளும் எங்கள் வீடு வீடாக இருக்கவில்லை. என்னைக் கூப்பிடுவதற்குக் குணம் பூசை மணியை அடித்தாள். நான் கோயிலுக்கு ஓடுகிறமாதிரி ஓடினேன். முதல் இரண்டு நாளும் அது பகிடியாக இருந்தது. மூன்றாம் நாள் மணியும் அடிக்கவில்லை. கொப்பியில் எழுதுவதையும் குறைத்துவிட்டாள். நான் ஏதும் கேட்டால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். சோறு போடுவாள், எதிரில் இருந்து என் முகத்தைப் பார்ப்பாள், எழும்பிப் போய்விடுவாள். குழம்புக்கு ஒரு நாள் உப்புக் கூடியிருக்கும், ஒரு நாள் இல்லவே இல்லாமல் இருக்கும். கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

முப்பத்தொரு வருஷம் 'இந்தச் சத்தம் ஒருக்கா ஓயாதோ' என்று நினைத்தவன் நான். ஓய்ந்த பிறகுதான் தெரிந்தது, நான் அந்தச் சத்தத்துக்குள்தான் குடியிருந்திருக்கிறேன் என்று.

சிவகரன் தொலைபேசியில், "அப்பா, இனி நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். யாழ்ப்பாணத்திலை ஜெசிதா எண்டு ஒரு ஆள் இருக்கிறா. என்ரை சிநேகிதன்ரை கலியாண வீடியோவை மீட்டுக் குடுத்தவ. அவவிட்டைக் கொண்டுபோங்கோ" என்றான்.

மழை விட்ட வியாழக்கிழமை பெட்டியைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். குணமும் வெளிக்கிட்டு நின்றாள். கழுத்துக்குள் தூறல் போகக்கூடாது, நீர் வீட்டிலை நில்லும் என்றேன். கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டி, குடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படலையைத் திறந்தாள்.

கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் இருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. மேசை நிறையத் திறந்து கிடந்த கணினிகள். ஜெசிதாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், குருநகர்ப் பிள்ளை. நான் கதை முழுவதையும் சொன்னேன். அவள் குணத்தின் கழுத்தை ஒரு தரம் பார்த்தாள், பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

"விழுந்ததோ ஐயா?"

"இல்லைப் பிள்ளை. இரும்பு அலுமாரிக்குள்ளைதான் இருந்தது."

கொளுவி, காதோடு வைத்துக் கேட்டாள். "டக் டக் எண்டு அடிக்கேல்லை. சுத்திறது சீராய் இருக்கு. உயிர் இருக்கு ரீச்சர்" என்று குணத்தைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவளை எனக்குப் பிடித்துக்கொண்டது.

வேறு வயர் போட்டாள். டிங். டொங். வேறு கணினியில் போட்டாள், அதுவும் அப்படித்தான். பிறகு வயர் கொளுவுகிற துவாரத்துக்குள் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

"வீடு கடற்கரைப் பக்கமோ?"

"இல்லை, வட்டுக்கோட்டை. ஏன்?"

"எங்கடை அப்பா வள்ளத்து இஞ்சின் திருத்திறவர். எந்த மெஷின் வந்தாலும் முதல்லை வயர் பூருற இடத்திலை உப்பு ஏறியிருக்கோ எண்டு பாக்கச் சொல்லுவார். இதுக்குள்ளையும் என்னவோ படிஞ்சு காய்ஞ்சு கிடக்கு. ஆனா உப்பு இப்பிடி மஞ்சளாய் இராது." ஒரு ஊசியால் மெல்லக் கிண்டி எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். "ஐயா, சந்தனம் மணக்குது!"

ஏன் என்று எனக்கு உடனே விளங்கியது.

நவராத்திரி கடைசி நாள் எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசை. தொழில் செய்கிற பொருளைக் கும்பத்தடியில் வைத்துக் கும்பிடுவது வழக்கம். அந்தக் காலத்தில் நான் மானிப் புத்தகத்தை வைப்பேன், குணம் பாடப் புத்தகங்களை வைப்பாள். இந்த வருஷம் எனக்கு ஒரு புத்தி வந்தது. வாணி என்றாலே வாக்கு. குணத்தின் வாக்கு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை வைக்காமல் வேறு எதை வைக்கிறது? குணம் அடுப்படியில் அவலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நேரம், பெட்டியைக் கொண்டுவந்து கும்பத்தில் சாய்த்து நிமிர்த்தி வைத்தேன். விபூதி பூசினேன். சந்தனப் பொட்டு எங்கே வைப்பது என்று பார்த்தேன். மேல் விளிம்பில் சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பன்னீரில் நல்லாய்க் குழைத்து, தாராளமாகவே வைத்தேன். மேலே குங்குமமும் வைத்தேன். பூசை முடிந்ததும் வெளியே தெரிந்ததைத் துடைத்துவிட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

இதை எல்லாம் அந்தப் பிள்ளைக்கு முன்னால் சொல்லவேண்டி வந்தது. நான் சொல்லி முடிக்கக் குணம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரப் தேவைப்படவில்லை. ஏச்சு நாலு பக்கமும் அந்தப் பார்வையில் இருந்தது.

ஜெசிதா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். "வெக்கப்படாதேங்கோ ஐயா. எங்கடை அருமைநாயகி அன்ரி போன மாதம் போனுக்கு ஆசீர்வதிச்ச தண்ணி தெளிச்சுக் கொண்டந்தவ. கும்பிடுறதிலை பிழை இல்லை, குழியுக்குள்ளை விடாட்டிச் சரி."

மென்மையான தூரிகையாலும், தொட்டவுடன் காய்ந்துபோகிற ஒரு திரவத்தாலும் கால் மணித்தியாலம் துடைத்தாள். உள்ளே ஒரு தகட்டில் பச்சை பிடித்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்தாள். கொளுவினாள். டிங். நான் டொங்குக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"திறந்து ஒண்டைப் போட்டுக் காட்டு பிள்ளை" என்றேன்.

"இல்லை ஐயா. தொடர்பு விட்டு விட்டுப் போனதிலை உள்ளுக்கையும் குழம்பியிருக்கு. உப்பிடியான நேரம் திருத்தப் போகக்கூடாது. முதல் வேலை, உள்ளதை அப்பிடியே முழுக்க நகல் எடுக்கிறது. இனி உந்தப் பெட்டியிலை ஒரு எழுத்தும் எழுதக்கூடாது. வாசிக்க மட்டும்தான். திருத்திறதெல்லாம் நகலிலை."

வாசிக்க மட்டும்தான். மானியைத் தொடாதே, வாசி என்பதுதான் நான் உத்தியோகத்துக்குப் போன முதல் நாள் எனக்குச் சொன்னதும். தொழில் தெரிந்த ஒருவரின் கையில் பொருள் இருக்கிறது என்று மனம் ஆறியது. நாளைக்கு மத்தியானம் வாங்கோ என்றாள். வீட்டுக்குப் போனோம். நான் இரவு பிள்ளையாரையும் கும்பிட்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று குருநகர்த் தேவாலயப் பக்கம் பார்த்தும் கும்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எழும்பியதும் குணம் சமைத்து வைத்துவிட்டாள். பிறகு பஸ் ஏறினோம். கடைக்குள் போகும்போது ஒரு மணி இருக்கும். ஜெசிதாவின் கண் சிவந்திருந்தது. நகல் இடைக்கிடை நின்று நின்று போனதால் காலையிலிருந்து திரைக்கு முன்னாலேயே இருந்திருக்கிறாள்.

"அறுநூற்று நாப்பதிலை நாலு மட்டும் வரேல்லை ரீச்சர்" என்று ஒரு துண்டில் எழுதிய இலக்கங்களைக் கொடுத்தாள். குணம் கொப்பியை எடுத்துப் பார்த்தாள். 'பால்காரர் வந்திட்டாரோ', 'மணி என்ன', 'குடையை எடுங்கோ', 'கரண்ட் நிண்டுபோட்டுது'. கடைசி வசனம் மின்சார சபையில் வேலை செய்தவன் வீட்டில் இல்லாமல் போனது ஒரு நட்டமே இல்லை.

"புது ரப்பிலை எல்லாம் ஏத்தியிருக்கு. ஒண்டைப் போட்டுப் பாப்பம்" என்று சொல்லி ஜெசிதா கண்ட இடத்தில் விரலை வைத்தாள்.

"கதவைச் சாத்திப்போட்டு வாங்கோ எண்டு உங்களுக்கு எத்தினை தரம் சொல்லுறது!"

நான் எழும்பிப் போய்க் கடைக் கதவைச் சாத்தினேன்.

சாத்தின பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே விளங்கியது. கண்ணாடிக் கதவில் கையை வைத்தபடி நின்றேன். திரும்ப முடியவில்லை. கண்ணீர் தன்பாட்டில் ஓடியது. அறுபத்தைந்து வயது மனுசன், பஸ் நிலையத்துச் சனம் எல்லாம் பார்க்க, கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமாக இருக்கவில்லை. சந்தோசமாக இருந்தது. கடவுளே, அந்தச் சத்தம் திரும்ப வந்துவிட்டது. என்னை ஏசுவதற்கு ஆள் இருக்கிறது.

திரும்பிப் பார்த்தேன். குணம் சத்தமில்லாமல் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கண் நிறைந்திருந்தது.

பிறகு அவள் ரப்பை வாங்கி எதையோ தேடத் தொடங்கினாள். 'வீட்டுக்கு வருகிற ஆட்கள்' என்ற தலைப்பைத் திறந்து மேலிருந்து கீழே போனாள், கீழிருந்து மேலே வந்தாள். 'கோயில்' பார்த்தாள், 'ரெலிபோன்' பார்த்தாள். எனக்கு விளங்கியது. அவள் தேடியதை நாங்கள் பதியவே இல்லை. 'ஆருக்குச் சொல்ல' என்று கேட்ட மனுசி, சொல்லவேண்டிய ஆளுக்கு முன்னால் அந்தச் சொல் இல்லாமல் இருந்தாள். எழுதிக் காட்டலாம்தான். ஆனால் குரல் திரும்பி வந்த முதல் நாளில் அவளுக்கு எழுத மனம் வரவில்லை.

நான் அவளுக்காகச் சொல்ல வாயைத் திறந்தேன். கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். ஜெசிதாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு வசனத்தை அழுத்தினாள்.

"சாப்பிட்டாச்சோ?"

"இல்லை ரீச்சர். இண்டைக்கு நேரம் கிடைக்கேல்லை. இனித்தான் ஏதும் பாக்கவேணும்" என்றாள் ஜெசிதா.

"அப்ப கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, சோறு போடுறன்."

கடை யாழ்ப்பாணத்தில், சோறு வட்டுக்கோட்டையில். ஜெசிதா சிரித்தாள். "ஐயோ ரீச்சர், இன்னொரு நாளைக்கு வாறன்."

குணம் தலைப்பை மாற்றினாள். ஏச்சு.

"சொல்லுறது காதிலை விழேல்லையோ?"

ஜெசிதாவின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ரப்பையும் குணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நான் நினைக்கிறேன். "விழுந்தது ரீச்சர். வாறன்" என்று சொல்லி எழும்பினாள். பின்னால் போய்க் கையைக் கழுவி, முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தாள். கதவைப் பூட்டினாள். நாங்கள் பஸ்ஸில் போக, அவள் தன் ஸ்கூட்டியில் முன்னே போய்ச் சந்தியில் நின்றாள்.

வீட்டில் வாழையிலை போட்டோம். வெள்ளிக்கிழமையாதலால் சைவம். பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை, அப்பளம். எத்தனை தரம் வேண்டாம் என்றாலும் "உது காணாது, இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்று ரப் விடவில்லை. அந்த வசனத்தைக் குணம் நாலு தரம் பாவித்தாள். ஜெசிதா நாலு தரமும் கையை மறிக்காமல் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அவள், சிவகரனுக்கு ஒரு நகலை இணையத்தில் அனுப்பிவிட்டேன், இன்னொரு டிஸ்க்கிலும் போட்டிருக்கிறேன், அதை மட்டும் பூசைக்கு வைக்கவேண்டாம் என்று எனக்குச் சொன்னாள். ஓம் என்றேன். என் வாழ்க்கையில் நான் மறுபேச்சில்லாமல் சொன்ன ஓம் அது.

எனக்கும் சோறு போட்டுவிட்டுக் குணம் எதிரில் இருந்தாள். சமையல் தலைப்பு, நாற்பத்தோராம் இலக்கம்.

"உப்புக் காணுமோ?"

கையில் சோறு இருந்தது. பேப்பர் இல்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தேன். மணம் தெரியாமல், ருசி பாதி தெரியாமல், விடிய எழும்பிச் சமைத்துவிட்டு, சரியோ பிழையோ என்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு நாளும் இந்தக் கேள்விக்கு நான் "ம்" என்று சொன்னேனே என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

"காணும் குணம்" என்றேன். "அளவாய் இருக்கு. நல்லாய் இருக்கு. நீர் ஒரு நாளும் எனக்குப் பிழையாய்ச் சமைச்சுத் தரேல்லை."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதே வசனத்தை இன்னொரு தரம் அழுத்தினாள்.

"உப்புக் காணுமோ?"

நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன்.